சிப்பிப்பாறை கை குடுக்காதுய்யா!

ஏய்யா பேராண்டி, உன் வயசுப் பயக எல்லாம் பொண்ணு பாக்கப் போனா, நீ நாய் பாக்கப் போயிருக்கே. சரி, போனதுதான் போனே, சொன்ன பேச்சு கேக்கிற நாயாப் பாத்து வாங்கியிருக்கப்படாதா? லாப்ரடார் வாங்கியிருந்தா பிஸ்கோத்துக் கவர் சரசரத்தாலே குட்டிக்கரணம் போட்டிருக்கும். நீ சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுபோய் சென்னையில மூணாவது மாடியில வச்சுக்கிட்டு, "தாத்தா, சிட்டுன்னா உக்கார மாட்டேங்குது, கம்முன்னா வர மாட்டேங்குது, ஷேக் ஹேண்ட் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுது"ன்னு போன்ல மூக்கைச் சிந்துறே. இங்கிலீசுல கேட்டதுக்கு இந்த மட்டும் மூஞ்சியத் திருப்புனதோட விட்டுச்சே, அதுக்குச் சந்தோசப்படு.

அது யாரு தெரியுமா? நம்ம விருதுநகர் மாவட்டத்துக் கரிசக்காட்டுப் பிறவி. முயல் எந்திரிச்சு ஓடுச்சுன்னா, துரத்துற நாயும் முயலும் ஒரு காட்டுல இருக்கும். கூட்டிட்டுப் போன மனுசன் நாலு வரப்புக்குப் பின்னால வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மூச்சு வாங்குவான். எந்தப் பக்கம் மறிக்கணும், எப்ப பாயணும்னு அதுதான் முடிவு பண்ணணும். "எசமான், இடப்பக்கம் திரும்பிக்கிடட்டுமா?"ன்னு உத்தரவு கேட்டு நின்ன நாய்க்கு முயலும் கிடைச்சிருக்காது, அதோட குட்டியை எவனும் சீந்தியிருக்கவும் மாட்டான். தலைமுறை தலைமுறையா சொந்தப் புத்தியில ஓடுறதாப் பாத்துப் பாத்து வளத்துட்டு, இப்ப வந்து "சொந்தப் புத்தி ஜாஸ்தியா இருக்கே"ன்னா யாருகிட்டப் போய்ப் பிராது குடுக்க? அதுக்காக, முயலுக்கு விட்டுப் பாப்போம்னு ஒரு யோசனை வச்சிராதே. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பெறகு நாய் முயலைப் பிடிச்சா வனத்துறை உன்னைப் பிடிக்கும்.

உன் தங்கச்சி ஒரு சங்கதி வாசிச்சுக் காமிச்சா. கனடாவுல ஸ்டான்லி கோரன்னு ஒரு மனோதத்துவ வாத்தியாரு, 1994ல நாய்களோட அறிவைப் பத்திப் புத்தகம் எழுதி, பள்ளிக்கூடம் மாதிரியே ரேங்க் போட்டிருக்காரு. ஆடு மேய்க்கிற பார்டர் காலி முதல் ரேங்க். கண்ணால பாத்துத் துரத்துற வேட்டை வம்சத்து ஆப்கன் ஹவுண்ட் கடைசி. நம்ம ஆளுக்குத் தூரத்துப் பங்காளின்னு வச்சுக்கோயேன். மார்க்கு எதுக்குப் போட்டாராம்? எத்தனை தடவை சொன்னா படிக்குது, சொன்னதும் கீழ்ப்படியுதான்னு. அப்படிப் பாத்தா நம்ம குடும்பத்துல உங்க பெரியப்பாதான் முதல் ரேங்க்; எங்க அத்தாச்சி கடைசி. வீட்டை நடத்துனது யாருன்னு ஊருக்கே தெரியும். கடைசி பெஞ்சு ஆப்கனைத்தான் 2005ல தென்கொரியாவுல முதன்முதலா நகலெடுத்துக் குட்டி உண்டாக்குனாங்க. அதே 2005ல நம்ம ராஜபாளையத்தான் தபால் தலையில ஏறிட்டான். அவன் யாருக்குக் கை குடுத்து அதை வாங்கினான்?

இப்ப உன் வித்தைக்கு வருவோம். நீ அனுப்பின வீடியோவப் பாத்தேன். "சிட், சிட், சிட், சிட், சிட்"டுங்கிறே. ஒரு தடவை சொன்னா அது கட்டளை. அஞ்சு தடவை சொன்னா சினிமாவுக்குப் பின்னால வாசிக்கிற பாட்டு, அதை எவன் காதுல வாங்குவான்? அதுபோக, நீ நிக்க வச்சிருக்கிறது வழுவழுன்னு டைல்ஸ் தரை. சிப்பிப்பாறைக்குப் பின்பக்கம் கொழுப்பு ஏது? எலும்பும் தசையும்தான். மொதல்ல ஒரு சாக்கை விரி. அவிச்ச ஈரல்ல நகத்தளவு கிள்ளி எடுத்து அதோட மூக்குக்கு நேரா பிடிச்சு, மெதுவா நெத்திக்கு மேல பின்னால நகத்து. மூக்கு அண்ணாந்தா பின்பக்கம் தானா இறங்கும். சாக்குல பட்ட அந்த நொடியே "ஆங்"னு ஒரு சத்தம், ஈரல் வாய்க்குள்ள. அவ்வளவுதான்.

நீ என்ன பண்றே? அது பாவம்னு உக்காந்திருது. நீ போனைத் தேடி எடுத்து, கேமராவை ஆன் பண்ணி, வலது பக்கம் வெளிச்சம் பத்தலைன்னு ஜன்னலைத் திறந்து, அப்புறம் பாக்கெட்டைப் பிரிக்கிறே. அதுக்குள்ள அது எந்திரிச்சு, ஒடம்பை நெட்டி முறிச்சு, ஒரு கொட்டாவி விட்டிருது. அப்பப் பாத்துப் பிஸ்கோத்தை நீட்டுறே. கூலி எதுக்குக் கிடைச்சது? கொட்டாவிக்கு! இப்ப அது "சிட்"டுன்னா கொட்டாவி விடுதுன்னு ஆச்சரியப்படுறியே, நீ படிச்சுக் குடுத்ததைத்தானே பண்ணுது. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவுகிட்டப் போய் ஒரு குலை குலைச்சா நீ செருப்பை மாட்டிட்டு எந்திரிக்கிறியாமே. பாடம் நடக்கத்தான் செய்யுது பேராண்டி. வாத்தியார் யாருங்கிறதுலதான் உனக்குக் குழப்பம். நீ சூட்டிகையான பிள்ளை, ரெண்டே நாள்ல படிச்சிருப்பே.

கை குடுக்க மாட்டேங்குதா, விட்டுத் தொலை. கால்ல தொடுறது சில நாய்க்கு ஆகாது. உன் உள்ளங்கையை அதோட மூக்குக்கு ரெண்டு விரக்கடை தள்ளிக் காட்டு. என்னவோன்னு மோந்து பாக்க வரும். ஈர மூக்கு கையில பட்டதும் ஈரல். பெறகு கையை ஒரு முழம் தள்ளிக் காட்டு, பெறகு அறைக்கு அந்தப் பக்கம். கடைசியில எங்க நின்னு கையைக் காட்டினாலும் ஓடிவந்து மூக்கால முட்டும். வாயால கத்துறதைவிடக் கை சாடை இதுகளுக்குச் சுருக்காப் பிடிபடும். அசையுறதைக் காணப் பிறந்த கண்ணு அது. கல்கத்தா பக்கத்துல ஐசர்ங்கிற ஆராய்ச்சிக் கூடத்துக்காரங்க தெருநாய்களுக்கு ரெண்டு கிண்ணத்தை வச்சுக் கை காட்டிப் பாத்து 2020ல எழுதியிருக்காங்களாம். பழக்கமில்லாத ஆள் காட்டியும், கிட்டத்துல வந்த நாய்ல பெரும்பாலானது காட்டின கிண்ணத்துக்கே போயிருக்கு. எந்த டிரெய்னருக்கும் பீஸ் கட்டாத நாய்க!

அந்த வெள்ளை ராஜபாளையம் வாங்கின உன் சிநேகிதன், கூப்பிட்டாத் திரும்பலை, திமிருன்னு சொல்றானாமே. மொதல்ல அது தூங்கும்போது பின்னால நின்னு ஒரு தட்டைத் தட்டிப் பாக்கச் சொல்லு. காது அசையலைன்னா டாக்டர்கிட்டக் கொண்டுபோகட்டும். வெள்ளை முடிக்காக நிறம் போகும்போது சில குட்டிக்கு உள்காதும் சேந்து போயிரும். கேக்காத பிள்ளைக்குத் திமிருன்னு பேரு வைக்கிறது பாவம்.

சாயங்காலம் ஒரு விளையாட்டு சொல்றேன், அதுக்கு உயிரு இதுலதான் இருக்கு. ஒரு மூங்கில் கம்பு, நுனியில கயிறு, கயித்து நுனியில உன் பழைய பனியன் துணி. தரையோட தரையா இழு. நின்னு, வளைச்சு, வெட்டித் திருப்பு. குட்டி கண்ணு ரெண்டும் தீயாயிரும். ஆனா சும்மா விட்டுராதே. "நில்லு"ன்னு சொல்லி, அது நாலு காலையும் ஊனி நின்னாத்தான் துணி ஓடணும். பிடிச்சதும் "விடு"ன்னு சொல்லி மூக்குகிட்ட ஈரலைக் காட்டு. விட்டதும் ஈரலையும் குடு, துணியையும் திருப்பிக் குடு. வாங்கினதைத் திருப்பித் தர்ற ஆளுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை தயங்காம விடும். உங்க அப்பன் எங்கிட்ட வாங்கினதைத் திருப்பியிருந்தா நானும் அவனுக்குத் தயங்காமக் குடுத்திருப்பேன். துணியை உயரமாத் தூக்கிக் குதிக்க விடாதே, வளர்ற எலும்பு. வயிறு முட்டத் தின்னதும் ஓட விடாதே. இந்த மாதிரி நெஞ்சு ஆழமான நாய்க்குக் இரைப்பை முறுக்கிச் செத்துப்போற வியாதி வரும். அலுக்கிறதுக்கு முன்னாலயே நிறுத்திரு, நாளைக்கு அதுவா கம்பைத் தேடும்.

வெயில் நேரத்துக்கு வீட்டுக்குள்ள நாலு சிரட்டையைக் கவுத்து, ஒண்ணுக்கு அடியில முட்டைத் துண்டை வச்சுத் தேட விடு. கண்ணாமூச்சியும் ஆடு: கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு ஒரே ஒரு தடவை பேரைக் கூப்பிடு, கண்டுபிடிச்சா கொண்டாடு. நீ காணாமப் போகக்கூடிய ஆளுன்னு தெரிஞ்சாத்தான் உன்மேல ஒரு கண்ணு வைக்கும். இதுவரை நீ அதுக்குப் பின்னாலயே லோலோன்னு அலைஞ்சதுல, தொலையுறதுக்குத் தனக்கு மட்டும்தான் உரிமைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு.

அப்புறம் இந்த "வா". எப்ப "வா"ன்னாலும் குளிப்பாட்டுறே, இல்லைன்னா சங்கிலியை மாட்டுறே, இல்லைன்னா செருப்பைக் கடிச்சதுக்கு வையுறே. நானா இருந்தாலும் வரமாட்டேன். பத்துத் தடவை கூப்பிட்டா ஒம்பது தடவை ஈரலைக் குடுத்துத் திரும்ப விளையாட விட்டுரு. அப்படியே பழகினாலும் ரோட்டுல கயித்தை அவுத்துராதே. ஒரு அணில் ஓடுச்சுன்னா உன் ஈரல், உன் பாசம், உன் மாசச் சம்பளம் எதுவும் அது காதுல ஏறாது. மைதானத்துல நீளமான கயித்துல விடு. கையை மட்டும் ஓங்காதே. அடிச்ச நாய் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிடும். அப்புறம் நீ கட்டில்மேல படுத்துக்கிட்டுக் கெஞ்சணும்.

இவ்வளவு கேட்டியே, அது கிடக்கட்டும். வெறிநோய் ஊசி போட்டாச்சா? மூணு மாசத்துலயே போட்டிருக்கணும். மாநகராட்சியில லைசென்ஸ் எடுத்தியா? என்ன, சத்தத்தையே காணோம்? வித்தை எல்லாம் அப்புறம் காட்டிக்கலாம். நாளைக்குக் காலையில போய் அந்த ஊசியைப் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணு.