போத்தல் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் செந்தோசாவே கறி வாங்கப் போகும். போத்தல் அண்ணன் மட்டும் குவாலா சிலாங்கூருக்கு மோட்டாரை முடுக்குவார். ஆற்றுமுகத்தில் நீர் வற்றும் நேரம் அவருக்கு மனப்பாடம். கல்யாண நாளை அண்ணிதான் ஞாபகப்படுத்த வேண்டும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் வளைந்த கம்பி, முதுகில் கோணிப்பை. மதியம் திரும்பும்போது பூட்ஸில் ஒன்று சேற்றோடு போயிருக்கும். முகம் மட்டும் பத்துமலையில் காவடி இறக்கியவர்போல் பளபளக்கும்.

"தம்பி, இது சாதாரணப் போத்தல் இல்ல. 1883-இல குவாலா குபு அணை உடைஞ்சி ஊரே அடிச்சிக்கிட்டுப் போச்சில்ல, அதுல வந்தது."

அணை உடைந்தது உண்மை. அக்டோபர் 29. ஆங்கிலேய அதிகாரி செசில் ரேங்கிங்கும் அந்த வெள்ளத்தில்தான் போனார். போத்தலில் ஃபிரேசர் அண்ட் நீவ் என்று எழுத்துப் புடைத்திருந்தது. சிங்கப்பூரில் அந்தச் சோடாக் கம்பெனி பிறந்ததும் அதே 1883. "பாத்தியா, கணக்கு சரியா வருது!" என்றார். அப்படியானால் கம்பெனி திறந்த சூட்டோடு சோடா மலையேறி, குவாலா குபுவில் எவனோ கடைசி மடக்கைக் குடித்து முடிக்கவும் அணை உடையவும் சரியாக இருந்திருக்க வேண்டும்.

என் வாய் சும்மா இருக்குமா? போத்தலின் பக்கவாட்டில் அச்சுத் தையல்கோடு ஒன்று ஓடும். கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் வைத்த பழைய சரக்கு. வாய்விளிம்புவரை ஏறினால் இயந்திரச் சரக்கு. அந்தத் தானியங்கி இயந்திரத்தை அமெரிக்கர் மைக்கேல் ஓவன்ஸ் ஓட்டிக்காட்டியதே 1903-இல்தான். அண்ணனின் போத்தலில் கோடு விளிம்பைத் தொட்டிருந்தது. சொன்னேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

கோலிசோடாப் போத்தல்தான் அவருடைய தீராத ஏக்கம். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கியது. முழுசாகக் கிடைப்பது அரிது. உள்ளேயிருக்கும் கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்துத் தீர்த்துவிட்டார்கள். தோட்டத்தில் அண்ணனின் தாத்தாவே நாலைந்தை உடைத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். அதைச் சொல்லவில்லை. இன்னொரு வாரம் தாங்காது.

அவர் பிறந்த லயம் இன்று இல்லை. கள்ளுக்கடை இருந்த தடமும் இல்லை. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. "எல்லாம் போச்சி தம்பி, கண்ணாடிதான் மக்காது" என்பார். அப்போது மட்டும் நான் தையல்கோட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

அண்ணியின் மதிப்பீடு வேறு. "பழைய பேப்பர் லோரிக்காரன்கூட வேணாங்கிறான்."

போன தீபாவளிக்கு முதல் நாள் அந்த 1883 போத்தலைக் காணவில்லை. அண்ணன் வீட்டையே புரட்டினார். அடுப்படியில் இருந்தது, நிறைய நல்லெண்ணெயோடு, வாயில் துணி சுருட்டி அடைத்து.