கேசட்டை ஊதலாமா?

இந்த இதழ் முழுக்கப் பழைய வீடியோ கேம் கேள்விகள்தான். வாசகர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் பரணைச் சுத்தம் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

சின்ன வயதில் விளையாடிய டிவி கேம்களை மறுபடி சேர்க்க ஆசை. ஆனால் மாதச் சம்பளக்காரன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?
– ‘பட்ஜெட்’ பாண்டி, பாளையங்கோட்டை

பரணிலிருந்து. முதலில் உங்கள் வீட்டுப் பரண், அடுத்து சித்தப்பா வீட்டுப் பரண், பிறகு ‘பையன் அமெரிக்கா போயிட்டான், அவன் சாமான் எல்லாம் அப்படியே கிடக்கு’ என்று சொல்லும் அத்தை வீட்டுப் பரண். இந்த மூன்றையும் அலசி முடிக்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதல் பெட்டி பிளேஸ்டேஷன் 2 ஆகவே இருக்கட்டும். 2000 மார்ச்சில் ஜப்பானில் கடைக்கு வந்தது. 12 ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. 15 கோடிக்கு மேல் விற்றது. பெரிய சேகரிப்பாளர்கள் அபூர்வமானதைத் தேடி ஓடுவார்கள். நாம் தேட வேண்டியது நேர் எதிர். மூலைக்கு மூலை கிடைப்பதுதான் மலிவு. அதற்குத்தான் உதிரி பாகமும் கிடைக்கும், ரிப்பேர் பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார். முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளும் இதில் ஓடும் என்பதால் ஒரு பெட்டி விலையில் இரண்டு தலைமுறை. மெமரி கார்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தினமும் முதல் கட்டத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

ரிச்சி தெருவில் ஒரு பழைய பிஎஸ்2 பார்த்தேன். கடைக்காரர் ‘கண்டிஷன் சூப்பர் சார்’ என்கிறார். நம்பலாமா?
– ‘சந்தேகம்’ சாரதி, சிந்தாதிரிப்பேட்டை

அவரை நம்புங்கள், லென்ஸை நம்பாதீர்கள். பிஎஸ்2 கேம்கள் இரண்டு வகை டிஸ்க்கில் வந்தன. பெரும்பாலானவை வெள்ளி நிற டிவிடி. சில, குறிப்பாக ஆரம்ப காலத்தவை, அடிப்பக்கம் நீல நிறமான சிடி. வயதான லென்ஸ் ஒன்றை ஒழுங்காகப் படித்துவிட்டு இன்னொன்றைப் பார்த்ததும் மூச்சு வாங்கும். ஆகவே கையோடு இரண்டு வகையிலும் ஒவ்வொன்று கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ‘லோடிங்’ வந்ததும் திருப்தியடைந்து எழுந்துவிடாமல் பத்து நிமிடம் விளையாடுங்கள். கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுத் திரையைக் கவனியுங்கள். ஆள் தானாக நடந்து போனால் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்.

டிஸ்க் வாங்கும்போது எல்லோரும் அடிப்பக்கக் கீறலைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கீறல் லேசாக இருந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். சிடியில் ஆபத்து மேல்பக்கம். படம் அச்சிட்டிருக்கிறதே, அதற்கு நேர் கீழேதான் தகவல் படலம் இருக்கிறது. அங்கே கீறினால் போனது போனதுதான். டிஸ்க்கை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

டிவி கேம் ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோமே, அது ஏன் வேலை செய்தது?
– ‘மூச்சு’ முருகேசன், மதுரை

ஊதியதால் ஓடவில்லை. கழற்றி மாட்டியதால் ஓடியது. உலோக முனைகள் மறுபடி உரசி வேறு இடத்தில் தொட்டன, அவ்வளவுதான். பெயரைத் தட்டிச் சென்றது உங்கள் மூச்சு. அந்த மூச்சில் இருந்த ஈரம் உள்ளே போய் முனைகளை அரித்தது தனிக்கதை. ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. உலகத்தில் ஒரு குழந்தையும் கேட்கவில்லை.

இப்போதாவது 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பட்ஸில் தொட்டு முனைகளைத் துடையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பஞ்சு கறுப்பாக வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். வேறு கடையில் கிடைக்கும் ஆல்கஹால் இதற்கு உதவாது, சர்க்கரை ஒட்டும்.

என்னிடம் ‘9,99,999 இன் 1’ கேசட் இருக்கிறது. உண்மையில் எத்தனை கேம் இருக்கும்?
– ‘எண்ணிப் பார்த்தவன்’, ஈரோடு

எண்ணிப் பார்த்த உங்களுக்குத் தெரியாதா? பெரும்பாலும் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் அதே கேமை மூன்றாவது கட்டத்தில் ஆரம்பித்து வைத்தது, உயிர்களைக் கூட்டிக் கொடுத்தது, பெயரை மாற்றியது.

ஆனால் அந்தத் திருட்டு கேசட்டை மட்டமாக எடைபோட எனக்கு மனம் வராது. நாம் ‘டேங்க் கேம்’ என்று ஆடினோமே, அதன் பெயர் பேட்டில் சிட்டி. நாம்கோ 1985-ல் ஜப்பானில் வெளியிட்டது. அமெரிக்க நிண்டெண்டோவில் அது அதிகாரபூர்வமாக வரவே இல்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாத கேம், தெப்பக்குளத் தெருப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். செங்கல் கோட்டைக்குள் இருந்த கழுகைக் காப்பாற்றுவதாகச் சொல்லிவிட்டு, தம்பியே அதைச் சுட்டுவிட்டு அழுத கதை வீட்டுக்கு வீடு உண்டு. எழுதியவர்களுக்குப் பைசா போகவில்லை என்பது உண்மை; அவர்கள் ஆட்டம் இவ்வளவு தூரம் வந்தது அந்த வழியில்தான் என்பதும் உண்மை.

பட்ஜெட்காரருக்கு ஒரு குறிப்பு: நம் ஊர்ப் பெட்டிகள் ஜப்பானின் ஃபேமிகாம் வழி வந்த நகல்கள். அதன் கேசட்டில் 60 முனைகள். அமெரிக்க நிண்டெண்டோ கேசட்டில் 72. மச்சான் நியூஜெர்சியிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் கேசட் உங்கள் பெட்டிக்குள் நுழையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் பாதாமே வாங்கி வருவார்.

புது எல்இடி டிவியில் வாத்து சுடும் துப்பாக்கி வேலை செய்யவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?
– ‘குறி தவறாத’ குமரேசன், கோவை

துப்பாக்கி நன்றாக இருக்கிறது. டிவிதான் அதிபுத்திசாலியாகிவிட்டது.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. உள்ளே வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண் மட்டும் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். கண் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். டியூப்லைட்டைப் பார்த்துச் சுட்டு ஏமாற்ற நினைத்தவர்கள் தோற்றது அந்த முதல் கறுப்பால்தான். பழைய குழாய் டிவி சிக்னல் வந்த கணமே கோடு கோடாக வரைந்துவிடும். எல்இடி டிவி படத்தை வாங்கி, அலசி, மெருகேற்றி, அப்புறம் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று தீர்ப்பெழுதிவிடும். வாத்து தப்பிக்கும், நாய் சிரிக்கும்.

மாரியோ தாவுவது தாமதமாகத் தோன்றுவதற்கும் இதே காரணம்தான். உங்கள் டிவி மெனுவில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள். தாவல் கொஞ்சம் சரியாகும், துப்பாக்கி சரியாகாது. முழு மருந்து டப்பா டிவி ஒன்றுதான். வெளிநாட்டில் அதற்கு அலைகிறார்கள். தமிழ்நாட்டிலோ 2006 முதல் அரசே 14 அங்குல வண்ண டிவிகளை ஒன்றரைக் கோடிக்கு மேல் வீடு வீடாகக் கொடுத்தது. 14 அங்குலம் இந்தப் பொழுதுபோக்குக்கு அளவெடுத்த மாதிரி. அரசு முத்திரையோடு வந்ததை விலைபேசாதீர்கள். பாட்டியிடம் கேளுங்கள், அதன் மேலிருக்கும் பூ ஜாடிக்கு வேறு இடம் பார்த்துத் தந்தால் போதும். தூக்கி வரும்போது ஆட்டோக்காரரோடு பேரம் பேசுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்சம் காத்திருக்கும்.

என் கணவர் பழைய கேசட்டாக வாங்கிக் குவிக்கிறார். கேட்டால் ‘முதலீடு’ என்கிறார். உண்மையா?
– ‘அலமாரி இழந்தவள்’, மடிப்பாக்கம்

அம்மா, 2021 ஜூலையில் சூப்பர் மாரியோ 64 கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதை உங்கள் கணவர் நிச்சயம் சொல்லியிருப்பார். அந்த கேம் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். பணம் போனது கேமுக்கு அல்ல. பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறைக்கும் அதன் மேல் ஒட்டிய தரச் சான்றுக்கும். உங்கள் வீட்டுக் கேசட்டில் உறையும் இல்லை, சான்றும் இல்லை. முந்தைய உரிமையாளரின் பெயர் பால்பாயிண்ட் பேனாவில் இருக்கும்.

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்று சட்டம் போடுங்கள். சேகரிப்பும் தேறும், அலமாரியும் திரும்பி வரும்.

அந்தக் காலத்தில் அசல் கன்சோல்கள் ஏன் நம்மிடம் வரவில்லை?
– ‘ஏக்கம்’ ஏகாம்பரம், வேலூர்

வந்ததே! 1995-ல் செகா நிறுவனத்தின் மெகா டிரைவை இங்கே விற்க ஒப்பந்தம் போட்டது ஷா வாலஸ். ஆம், மதுபானத்தில் பேர் போன அதே ஷா வாலஸ். 80 சதவீத இறக்குமதி வரியைச் சுற்றிக்கொண்டு போகத்தான் அந்த ஏற்பாடு. சுற்றிப் போயும் விலை 18,000 ரூபாய். அப்பாவிடம் 1995-ல் அந்தத் தொகையைக் கேட்டிருந்தால் கேம் வேறு மாதிரி நடந்திருக்கும். பர்மா பஜார் நகல் பெட்டிகள் ஜெயித்ததற்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா பழைய கன்சோல் அனுப்புகிறார். அப்படியே பிளக்கில் சொருகலாமா?
– ‘ஆர்வம்’ அருண், திருச்சி

சொருகினால் ஒரு முறை ஓடும். புகையோடு. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரைத் திருப்பி ‘100–240’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்கேற்ற அடாப்டரை இங்கேயே வாங்குங்கள். வோல்ட் பொருந்தினால் போதாது தம்பி. பிளக் முனையில் உள்பக்கம் நெகட்டிவா, பாசிட்டிவா என்பதும் பொருந்த வேண்டும். மெகா டிரைவின் முதல் மாடலுக்கு உள்பக்கம் நெகட்டிவ், இரண்டாம் மாடலுக்கு பாசிட்டிவ். ஒரே கம்பெனி, ஒரே பெயர்! அமெரிக்க நிண்டெண்டோவுக்கோ அடாப்டரே ஏசியாகத்தான் கொடுக்கும். பெட்டியின் அடியில் சின்னப் படமாகப் போட்டிருப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள்.

இணையத்தில் போகிமான் எமரால்டு கேசட் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– ‘பிடித்துவிடுவேன்’ பிரியா, புதுச்சேரி

மிக மலிவு என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுகளில் போலி ஏராளம். போலியில் நாற்பது மணி நேரம் விளையாடுவீர்கள், ஒரு நாள் சேவ் காணாமல் போகும். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசலில் சின்ன எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும். அடியில் உலோக முனைகளுக்கு மேலே பலகையில் நிண்டெண்டோ பெயர் தெரியும். அசல் எமரால்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் வந்தால் பதற வேண்டாம். அது கடிகாரத்துக்கு மட்டும், சேவ் பத்திரம். அதற்கு முந்தைய கோல்டு, சில்வரில் பேட்டரி போனால் சேவும் சேர்ந்தே போகும்.

போனிலேயே எல்லா கேமும் ஓடுகிறதே, இந்தப் பெட்டிகள் எதற்கு?
– ‘நவீனன்’, ஓசூர்

தேவையில்லைதான். போனில் ஆடுங்கள், பிடித்ததை மட்டும் பெட்டியில் வாங்குங்கள். அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் சட்டப்படி காசு கொடுத்து டவுன்லோட் செய்ய நினைத்தால் கடையே இருக்காது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆய்வு வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு கடைகளில் விற்பனையை நிறுத்தியது. பரண் மேல் கிடக்கும் கேசட்டை யாரும் சர்வரிலிருந்து அணைக்க முடியாது.

சேகரிப்புக்கு அவசியமான கருவி எது?
– ‘டூல்பாக்ஸ்’, ஆவடி

3.8 மில்லிமீட்டர் கேம்பிட். நிண்டெண்டோ கேசட்டின் விசித்திரத் திருகைக் கழற்ற அது ஒன்றுதான் வழி. பேனா மூடியை உருக்கி அழுத்திக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால், பேனாவைத் தராதீர்கள்.

உலகத்திலேயே மோசமான கேம் என்று ஈ.டி.யைச் சொல்கிறார்களே. மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?
– ‘எதிர்நீச்சல்’ எழிலன், தஞ்சாவூர்

வாங்கலாம், மலிவாகத்தான் கிடைக்கும். 1982-ல் ஸ்பீல்பெர்க் படத்தின் சூட்டோடு கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வர வேண்டும் என்று, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை ஆள் சுமார் ஐந்து வாரத்தில் எழுதி முடித்த அட்டாரி கேம் அது. ஐந்து வாரத்தில் நம் வீட்டுக் கதவுக்குப் பெயிண்டே முடியாது. மனிதரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. விற்காமல் தேங்கிய சரக்கோடு சேர்த்து அதையும் 1983-ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தார்கள். ஏலத்தில் மொத்தம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் தேறியது. புதைக்காத கேசட் இன்றும் சல்லிசு, புதைத்து எடுத்ததற்குத்தான் விலை. உடனே மண்வெட்டியோடு கொல்லைப்பக்கம் கிளம்பிவிடாதீர்கள். அலமகோர்டோ நகராட்சி அசல் என்று சான்றிதழ் கொடுத்தது. தஞ்சாவூரில் குப்பை கொட்டியதற்கு அபராதம்தான் போடுவார்கள்.