லெக்ஸ் லூத்தருக்கு என்னதான் வேண்டும்?

கேள்வி: சூப்பர்மேன் படங்களில் வில்லன் லெக்ஸ் லூத்தருக்கு மூளைக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் பறக்கிற ஆளோடு மல்லுக்கு நிற்கிறார்?

பதில்: முதல் காரணம், மனை வியாபாரம். சிரிக்க வேண்டாம். 1978-ல் ரிச்சர்ட் டானர் இயக்கிய படத்தில் ஜீன் ஹாக்மேனின் லூத்தர், யாரும் சீண்டாத பாலைநிலத்தை வளைத்துப் போடுகிறார். சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் அணு ஏவுகணை விழுந்தால் கலிஃபோர்னியாவின் கரையோரம் கடலுக்குள் போய்விடும். பொட்டல் காடு கடற்கரை மனையாகிவிடும்! புது ஊர்களுக்குத் தன் பெயரை வைத்து வரைபடமும் தயார். அடியாள் ஓட்டிஸ் ஓரத்தில் தன் பெயரிலும் ஒரு குட்டி ஊரை எழுதிவைக்க, முதலாளிக்கு அது மட்டும் பொறுக்கவில்லை.

இரண்டாம் படத்தில், வேற்றுலக வில்லன் ஜெனரல் ஸாடிடம் சூப்பர்மேனைக் காட்டிக்கொடுக்க அவர் கேட்ட கமிஷன் ஆஸ்திரேலியா. 2006-ல் வந்த கெவின் ஸ்பேசி, இருக்கிற நிலம் போதாதென்று கடலில் புதுக் கண்டத்தையே முளைக்க வைத்தார்.

2016-ல் ஜெஸ்ஸி ஐசன்பெர்க் மட்டும் தத்துவம் பேசினார்: சர்வ வல்லமையும் முழு நன்மையும் ஓரிடத்தில் இருக்க முடியாதாம். பின்னணியில் அப்பாவிடம் வாங்கிய அடி.

2025-ல் ஜேம்ஸ் கன் படத்தில் நிக்கோலஸ் ஹோல்ட்தான் உடைத்துச் சொல்கிறார்: பொறாமை. மூளைக்காரனை விட்டுவிட்டு, வானத்திலிருந்து வந்தவனை ஊர் கொண்டாடுகிறதே என்ற வயிற்றெரிச்சல். இருப்பதில் நம்பும்படியான காரணம் இதுதான். ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. பொராவியா என்ற நாடு படையெடுத்து அண்டை நாடான ஜர்ஹான்பூரைப் பிடித்தால் பாதி நாடு தனக்கு என்று அங்கேயும் ஒரு கிரயப் பேச்சு நடத்தியிருக்கிறார்.