கழித்தலுக்கு முன் கலந்தாய்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் எடைமேடைக்குப் புது சாஃப்ட்வேர் தயாராகிறது. லேசுப்பட்ட வேலையில்லை. லோடு வண்டியின் எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழிக்க வேண்டும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கழித்துவிட முடியுமா? கம்பைலரா, டிரான்ஸ்பைலரா என்று முதலில் முடிவாக வேண்டாமா? சென்னையிலிருந்து வந்த இளைஞர் குழு ஏசி அறையில் அதைத்தான் பொறுப்போடு அலசுகிறது.

கம்பைலர் கட்சியின் வேட்பாளர் ரஸ்ட் மொழி. நேரே இயந்திர மொழிக்கு இறங்கிவிடும். இருபது டன் கம்பியோடு லாரி முக்கி முனகி மேடையேறுவதற்குள் கோடித் தடவை கழித்துவிட்டுக் காத்திருக்கும். டிரான்ஸ்பைலர் கட்சிக்கு, 2012-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட். இது எண், இது எழுத்து என்று வரிக்கு வரி குறித்துக் கொடுத்தால், சரிபார்த்துவிட்டு அத்தனை குறிப்பையும் துடைத்தெறிந்து வெறும் ஜாவாஸ்கிரிப்டாக நீட்டும். துறவு என்றால் இதுவல்லவா துறவு!

அந்த ஜாவாஸ்கிரிப்டையும் குரோமுக்குள் இருக்கும் வி8 எஞ்சின் கடைசியில் இயந்திர மொழியாக்கத்தான் போகிறது என்றார் ஒருவர். அப்படியானால் இரு கட்சிக்கும் வெற்றி! ரஸ்ட்டை பிரவுசரில் ஓடும் வெப்அசெம்ப்ளியாக்கி, அதை டைப்ஸ்கிரிப்டிலிருந்து அழைத்துக் கழிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம்.

அந்நேரம் எடைமேடை அண்ணன் கதவைத் திறந்தார். "சார், ஜிஎன்டி ரோடு வரைக்கும் வண்டி நிக்குது. நான் கால்குலேட்டர்ல போட்டு அனுப்பிடட்டுமா?"

குழு துள்ளியெழுந்தது. வண்டி வரிசைக்கும் ஒரு ஆப் தேவை. கோட்லினா, டார்ட்டா?