வீதியில் மன்னரைத் தற்செயலாகக் காணல்: யானை முதல் கார் வரை ஓர் ஆய்வு

வெளிநாட்டு மன்னர் ஒருவர் நம் ஊருக்கு வருவது செய்தி. அந்தச் செய்தியை அறவே மறந்து ரேஷன் கடைக்குப் புறப்பட்டவர், போலீஸ்காரர் கை காட்டியதால் சாலையோரம் நின்று, போகிற காருக்குள் ஒரு தொப்பியைப் பார்த்துவிடுவது ஆய்வுப்பொருள். விடியற்காலையே வந்து இடம் பிடித்தவர்களும் அழைப்பிதழ் பெற்றவர்களும் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்கள் உழைத்துப் பார்த்தவர்கள்.

இத்துறையில் தமிழுக்கு நெடிய மரபு உண்டு. உலா என்னும் சிற்றிலக்கியமே இதற்காக எழுந்ததுதான். மன்னன் பவனி வருவான். வீதியில் பெண்கள் காண்பார்கள். கண்டதும் வளை கழலும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என மூன்று தலைமுறைக்குக் களப்பணி செய்திருக்கிறார். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம். வயது ஏறத்தாழ ஐந்திலிருந்து நாற்பது. ஆண்களும் நாற்பதைத் தாண்டியவர்களும் மாதிரியில் இல்லை. இன்றைக்கென்றால் வாய்மொழித் தேர்வில் அவரை விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் வாகனத் தேர்வில் சோழர்கள் கெட்டிக்காரர்கள். யானை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கு நடுவே 12 மீட்டர் நீளத்துக்குச் சாலை தெரிந்தால், மன்னர் அதைக் கடக்க ஏழு நொடிக்குச் சற்று மேல் ஆகும். காரோ, அடக்கமாக 30 கிலோமீட்டரில் போனாலும் ஒன்றரை நொடியில் மறைந்துவிடும். வளை கழலுவதற்கு ஒன்றரை நொடி போதாது. போதாக்குறைக்கு யானைமேல் இருப்பவர் எல்லார் தலைக்கும் மேலே தெரிவார்.

யானையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 1911 டிசம்பரில் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் செலவில் (நம் செலவில் என்றும் சொல்லலாம்) நிரூபித்தார். முடிசூட்டு தர்பாருக்காக நகருக்குள் நுழைந்தபோது அவர் ராணுவ உடையில் குதிரைமேல் வந்தார். பேரரசர் என்றால் யானைமேல்தான் வருவார் என்று எதிர்பார்த்து நின்ற கூட்டத்தில் பலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கண்முன்னே மன்னர் போயும், மன்னரைக் காணவில்லை என்று வீடு திரும்பினார்கள். இந்நிலைக்கு இவ்வாய்வு ‘கண்டும் அறியாமை’ எனப் பெயரிடுகிறது.

அவருடைய பேத்தி இரண்டாம் எலிசபெத் இந்தக் கோளாறுக்கு வண்ணத்தில் மருந்து கண்டார். பளிச்சென்ற மேலங்கி, முகத்தை மறைக்காத தொப்பி, மழை பெய்தால் உள்ளே இருப்பவர் தெரியும் கண்ணாடிக் குடை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முகம் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். 1970இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணத்தில் காரைவிட்டு இறங்கித் தெருவில் நடந்து மக்களோடு பேசும் வழக்கத்தையும் தொடங்கினார். நடை என்பது யானை வேகத்துக்குத் திரும்புவதே என்பது கவனிக்கத்தக்கது.

சென்னைக்கு அவர் 1961இலும் 1997இலும் வந்தார். இரண்டாம் முறை தரமணி திரைப்பட நகரில் கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ தொடக்க விழாவில் கலந்துகொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து 1764இல் தூக்கிலேறியவரின் கதைக்கு பிரிட்டிஷ் ராணியே வந்து நின்றது தனி ஆய்வுக்குரியது. படம் இன்னும் வெளிவரவில்லை. அன்று வீதியில் தற்செயலாக ராணியைப் பார்த்தவர்கள், அந்தப் படத்தைப் பார்த்தவர்களைவிட நிச்சயம் அதிகம்.

அப்படிப் பார்த்தவர்களிடம் பொதுவாக ஓர் அறிகுறி உண்டு. “என்னையப் பாத்துத்தான் கை அசைச்சாங்க” என்பார்கள். பக்கத்தில் நின்றவரும் இதையே சொல்வார். ஒன்றரை நொடியில் ஒரு கை எத்தனை பேரைத் தனித்தனியாகப் பார்த்து அசையும் என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை.

2013 டிசம்பரில் ஜப்பானியப் பேரரசர் அகிஹிட்டோ சென்னைக்கு வந்தபோது கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் போனார். பேரரசரைப் பார்க்கும் இடமாகச் சறுக்குமரத்தடியை எந்த உலா நூலும் குறிப்பிடவில்லை.

இதற்கு நேர்மாறானது 2024 அக்டோபரில் பெங்களூரில் நடந்தது. சமோவாவில் காமன்வெல்த் மாநாட்டை முடித்துக்கொண்ட மூன்றாம் சார்லஸ் மன்னர், மனைவி கமிலாவுடன் ஒயிட்ஃபீல்டு பக்கம் உள்ள ஓர் இயற்கை நலவாழ்வு மையத்தில் சில நாள் தங்கினார். தனிப்பட்ட பயணம், அரசு வரவேற்பு இல்லை. ஊருக்குச் செய்தி எட்டியபோது அவர் கிளம்பும் நேரமாகிவிட்டது. அந்த ஊர்ப் போக்குவரத்து நெரிசலில் எந்தக் காரும் யானையைவிட மெதுவாகவே நகரும் என்பதால், காண்பதற்கு இதைவிட நல்ல சூழல் வரலாற்றில் இல்லை.

ஆகவே, அந்த வாரம் ஒயிட்ஃபீல்டு சாலையில் பக்கத்துக் காரில் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரைப் பார்த்த வாசகர்கள் ஆய்வாளருக்கு எழுதும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தம்மைப் பார்த்துத்தான் அவர் கை அசைத்தார் என்பதை மட்டும் எழுத வேண்டாம்; அந்தத் தரவு ஏற்கெனவே போதுமான அளவு சேர்ந்திருக்கிறது.