சகல ஊடகச் சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தி

பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். மைக்கேல் ஜாக்சனை பாப் இசையின் அரசர் என்று ஊரெல்லாம் கொண்டாடியபோது, அதைக் கேலி செய்வதற்காக ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற நியூயார்க் வானொலிக்காரர் தன்னை 'சகல ஊடகங்களுக்கும் அரசன்' என்று அறிவித்துக்கொண்டார். பிரபலங்களின் தலைக்கனத்தைக் குத்தத்தான் அந்தப் பட்டம். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேஷத்துக்கு வைத்த கிரீடத்தைக் கூத்து முடிந்ததும் கழற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மெய்க்கீர்த்தி பாடுகிறவன் போர்களில்தான் தொடங்க வேண்டும். தொடங்குகிறேன். 1985-இல் என்பிசியின் நியூயார்க் வானொலி மன்னரை வேலையிலிருந்து தூக்கியது. மன்னர் அதே ஊரில் கே-ராக் நிலையத்தில் போய் அமர்ந்தார். அடுத்த ஆண்டே பிலடெல்பியாவுக்கும் எல்லை விரிந்தது. ஆபாசப் பேச்சு என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையம் அபராதத்துக்கு மேல் அபராதம் போட்டது. 1995-இல் அவருடைய முதலாளியான இன்ஃபினிட்டி நிறுவனம் 17 லட்சம் டாலர் கட்டிக் கணக்கை முடித்தது. 2004-இல் 4,95,000 டாலர் அபராதம் என்ற பேச்சு எழுந்ததும் கிளியர் சேனல் நிறுவனம் நிகழ்ச்சியை ஒலிபரப்பிவந்த தன் ஆறு நிலையங்களிலிருந்தும் அதை எடுத்தெறிந்தது.

இத்தனை போர்களிலும் அவருடைய படை எது? விடிகாலையில் லாரி ஓட்டியவர்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள், நெரிசலில் மணிக்கணக்கில் காருக்குள் வெந்தவர்கள். முதலாளியைத் திட்ட முடியாதவர்களுக்காகத் தன் முதலாளியை ஒலிபரப்பிலேயே திட்டியவர் அவர். அதற்குத்தான் அந்த விசுவாசம்.

அவர்கள் கேட்டது வேதபாராயணமும் இல்லை. பெண்களை மேடையில் நிறுத்தி உடம்புக்கு மதிப்பெண் போட்ட கேவலம் உண்டு. முகத்தில் கறுப்பு பூசி ஆடிய கூத்து உண்டு. 'வேக் பேக்' என்று பெயரிட்டு, உடல் குறையும் மனக் குறையும் உள்ளவர்களைக்கூட வரிசையாக நிறுத்திச் சிரிப்பு மூட்டிய பிழைப்பு உண்டு. அந்தக் குப்பை போய்விட்டதே என்று ஒப்பாரி வைக்கும் நேயர்களுக்காக நான் வாதாட வரவில்லை. டொனால்ட் டிரம்ப்பைப் பிடிக்கும், அவரை மன்னர் எதிர்க்கிறாரே என்பதற்காக விலகியவர்களும் என் கணக்கில் இல்லை. ஒரு காலத்தில் டிரம்ப்பை அடிக்கடி அழைத்துப் பேசவைத்து மகிழ்ந்ததும் இதே தர்பார்தான் என்பதை இரு தரப்பும் வசதியாக மறந்துவிடுகின்றன. என் கோபம் வேறு. அது கல்லாப் பெட்டியைப் பற்றியது.

2004 அக்டோபரில் மன்னர் ஓர் அறிவிப்பு செய்தார். காசில்லாமல் கேட்கும் வானொலியை விட்டு, சந்தா கட்டிக் கேட்கும் சிரியஸ் செயற்கைக்கோள் வானொலிக்குப் போகிறார். ஐந்து ஆண்டுகள், 50 கோடி டாலர். அன்று சிரியஸுக்கு இருந்த சந்தாதாரர்கள் 6 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கூட்டத்தையே விலைபேசி ஓட்டிவந்து விட்டால் சும்மா இருப்பானா? 2005 டிசம்பர் 16-ஆம் தேதி நியூயார்க் தெருவில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆரவாரத்தோடு வழியனுப்பினார்கள். பிறகு வீட்டுக்குப் போய், தனியாக ஒரு கருவி வாங்கி, மாதம் 12.95 டாலர் கப்பம் கட்டத் தயாரானார்கள். சுதந்திரப் பேச்சுக்காகக் கட்டுகிறோம் என்று மனமார நம்பினார்கள்.

2006 ஜனவரி 9-ஆம் தேதி புதிய சிம்மாசனத்தில் முதல் ஒலிபரப்பு. அதே மாதம், சந்தாதாரர் எண்ணிக்கை இலக்கைத் தாண்டியதற்குப் பரிசாக மன்னருக்கும் அவருடைய முகவருக்கும் 3 கோடியே 43 லட்சம் பங்குகள் வந்து சேர்ந்தன. மதிப்பு சுமார் 22 கோடி டாலர். தெருவில் கை தட்டியவர்கள் தாங்கள் தட்டுவது கை என்று நினைத்தார்கள். தலை எண்ணப்பட்டது அவர்களுக்குத் தெரியாது.

எண்ணும் ஆசை அத்தோடு அடங்கியதா? 2008-இல் சிரியஸும் போட்டி நிறுவனமான எக்ஸ்எம்மும் ஒன்றாயின. எக்ஸ்எம்மின் சந்தாதாரர்களையும் என் கணக்கில் சேர்த்துப் பங்கு கொடு என்று 2011-இல் மன்னரின் நிறுவனம் வழக்குப் போட்டது. 2012-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தன் குரலைக் கேட்கவே சந்தா கட்டாதவனின் தலைக்கும் வரி கேட்ட அரசர் சரித்திரத்தில் உண்டா என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்லட்டும்.

கஜானா நிறைய நிறைய, தர்பார் கூடும் நாள் குறைந்தது. ஐந்து நாள் நிகழ்ச்சி நான்காயிற்று, நான்கு மூன்றாயிற்று. கோடை வந்தால் வாரக்கணக்கில் விடுமுறை. அந்த நாட்களில் பழைய ஒலிப்பதிவுகள். சந்தாவுக்கு மட்டும் கோடை விடுமுறை கிடையாது. 2020 மார்ச்சில் தொற்றுநோய்க்கு அஞ்சி வீட்டிலிருந்து பேசத் தொடங்கினார். அது நியாயம்தான். ஊர் திரும்பி வேலைக்குப் போய், பேருந்தில் இடித்துக்கொண்டு நின்று, மூச்சு விட்டுப் பழகிய பிறகும், மன்னர் நெடுநாள் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. விடிகாலை லாரிக்காரனுக்கு வீட்டிலிருந்தபடி லாரி ஓட்டும் ஏற்பாட்டை யாரும் செய்து தரவில்லை.

நியாயத்துக்குச் சொல்கிறேன், அவர் எடுக்கும் நீண்ட பேட்டிகள் நன்றாகவே இருக்கின்றன. பழைய அட்டூழியங்களுக்கு 2019-இல் வந்த தன் நூலில் வருந்தியும் எழுதினார். மனிதன் திருந்தினால் வாழ்த்த வேண்டியதுதான். 1954-இல் பிறந்தவர் இருபது வயதுப் பையனைப்போலக் குதிக்க வேண்டும் என்று யார் கேட்டது? பிரபலங்களின் வாசலில் நின்று கல்லெறிந்தவர் இன்று அவர்கள் வீட்டு விருந்தாளி. தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் நான்கு ஆண்டு நடுவர். 2024-இல் அதிபர் பைடனும், தேர்தலுக்கு முந்தைய மாதம் கமலா ஹாரிஸும் அவர் எதிரே அமர்ந்தார்கள். அதுவும் இருக்கட்டும். ஆனால், சலிப்பாக இருக்கிறது ஐயா என்று முப்பது வருட நேயர் வாய்திறந்தால், அவனுக்கு வயிற்றெரிச்சல் என்று தீர்ப்பு. சோற்றில் கல் கிடக்கிறது என்று சொன்ன வாடிக்கையாளனைப் பல்லில்லாதவன் என்று ஏசும் முதலாளியை எந்த ஊரில் பொறுத்துக்கொள்வார்கள்?

2025 கோடையில் நிகழ்ச்சி நிற்கப்போகிறது என்று வதந்தி கிளம்பியது. செப்டம்பரில் திரும்பி வரவேண்டிய மன்னர் என்ன செய்தார்? வேறொரு தொகுப்பாளரான ஆன்டி கோஹனை உட்காரவைத்து, இனி இது என் அலைவரிசை என்று சொல்லவைத்தார். பிறகுதான் விளையாட்டு என்று வெளிவந்தார். விலகிப்போன நேயர்களின் கவலையை வைத்தும் ஒரு காட்சி போட்டாயிற்று.

இப்போது கல்லாப் பெட்டியின் அடிப்பலகைக்கு வருகிறேன். பிடிக்கவில்லை என்றால் விலகுங்கள் என்று உபதேசம் செய்கிறார்கள். விலகிப் பாருங்கள்! 2023 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்குரைஞர் லெட்டீஷியா ஜேம்ஸ் இந்த சிரியஸ் எக்ஸ்எம் மீது வழக்குப் போட்டார். சந்தாவை நிறுத்தத் தொலைபேசியில் சராசரி 11.5 நிமிடம், இணையத்தில் 30 நிமிடம் ஆனது என்பது குற்றச்சாட்டு. வேண்டாம் என்பவனிடம் சலுகைக்கு மேல் சலுகையாக அடுக்கி அலுக்கவைக்க ஊழியர்களுக்குப் பயிற்சியே உண்டாம். சேருவதற்கு ஒரு சொடுக்கு, வெளியேறுவதற்குச் சக்கரவியூகம். 2024 நவம்பரில் நீதிமன்றம் அந்த நிறுவனம் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. காது எப்போதோ போய்விட்ட பிறகும் எத்தனை பேருடைய பணம் மாதாமாதம் போய்க்கொண்டிருந்திருக்கும்? பேச்சுச் சுதந்திரம் என்று கூவி அழைத்தவர்களின் கடையில் 'போய்வருகிறேன்' என்று சொல்லும் சுதந்திரத்துக்கு வழக்காட வேண்டியிருந்தது.

2025 டிசம்பரில், ஓய்வும் கூடும், ஒலிபரப்பும் தொடரும் என்று மகிழ்ச்சியோடு அறிவித்து மேலும் மூன்று ஆண்டுகளுக்கு மன்னர் கையெழுத்திட்டார். இனி நிகழ்ச்சியைக் கேட்காமலே சந்தா கட்டிக்கொண்டிருக்கும் பழைய நேயர்களுக்கு ஒரு வார்த்தை: இன்றே கூப்பிடுங்கள். பாதி விலை என்பார்கள், மூன்று மாதம் இலவசம் என்பார்கள். எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரத்தானதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள், அடுத்த மாதக் கடன் அட்டைக் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள்.