கல்லாவில் ஆளில்லாத மெஸ்

டோக்கியோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் மெஸ்ஸில் சாப்பாட்டு விலையை ஏற்றலாமா வேண்டாமா என்று போனில் புலம்பினீர்களே, அதே புலம்பல் இங்கே ராமென் கடைக்காரர்களுக்கும் இருக்கிறது. ராமென் என்பது சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ். ஒரு கிண்ணம் 1000 யென்னைத் தாண்டினால் ஆட்கள் முகம் சுளிக்கிறார்களாம். ‘1000 யென் சுவர்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நம் காசுக்கு 500 ரூபாய்க்கு மேல். இதைப் படித்துவிட்டு உடனே போர்டை மாற்றிவிடாதீர்கள்.

நேற்று ஷின்ஜுகுவில் கூட்டம் மொய்க்கும் ஒரு கடைக்குப் போனேன். தெருவரை வரிசை. “எனக்கு ரெண்டு பார்சல்தான்” என்று யாரும் ஓரமாக நுழையவில்லை. வாசலைத் தாண்டியதும் ஒரு மெஷின். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் டோக்கன் விழும். எல்லாம் ஜப்பானிய எழுத்து. ஒன்றும் புரியாவிட்டால் மேல் வரிசையில் இடது ஓரத்தை அமுக்கு, பெரும்பாலும் கடையின் பேர்போன சரக்கு அதுதான் என்று ஆபீஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கல்லாவில் ஆளே இல்லை. உங்கள் நோட்டில் பக்கம் பக்கமாகக் கடன் வைத்திருக்கிறாரே நம் தெரு வாத்தியார், அவர் இங்கே வந்தால் பட்டினிதான்.

உள்ளே நீளமாக ஒரு மேடை, பத்துப் பன்னிரண்டு ஸ்டூல், எதிரே அடுப்பு. சின்னக் கடைதானே என்று இளக்காரம் வேண்டாம். சுகமோ பகுதியில் அப்போது 9 பேர் மட்டுமே உட்காரக்கூடியதாக இருந்த ட்சுதா என்ற கடைக்கு 2015 கடைசியில், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் கொடுத்தார்கள். ராமென் கடை ஒன்றுக்கு நட்சத்திரம் கிடைத்தது அதுவே முதல்முறை. மாடி எடுத்தால்தான் மெஸ்ஸுக்குப் பேர் வரும் என்று அடம்பிடிக்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

நான் சாப்பிட்டது ஹகாதா பாணி ராமென். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, பால் நிறத்தில் இறக்கிய சூப். (அம்மாவிடம் ‘எலும்பு சூப்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.) நூடுல்ஸ் மெல்லிசு, சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் கொஞ்சமாகத்தான் வைப்பார்கள். தின்று முடித்து “கயேதாமா” என்று குரல் கொடுத்தால் மிச்ச சூப்பில் இன்னொரு பிடி வந்து விழும். “ரசம் இருக்கு, சாதம் போடுங்க” என்று உங்கள் பந்தியில் நடக்கிற அதே கதை. என்ன, இதற்குத் தனிக் காசு. சூப்பை முதலிலேயே குடித்துத் தீர்த்தவன் பாடு திண்டாட்டம்.

பக்கத்து ஸ்டூல்காரர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஆவியில் கண்ணாடி மங்க, சர்ர்ரென்று இழுத்தார். பாயசத்தை உறிஞ்சினால் என் தலையில் குட்டுவீர்களே! இங்கே உறிஞ்சினால்தான் வாய் வேகாமல் தப்பிக்கும். கடையில் சத்தம் என்றால் அது ஒன்றுதான், பேச்சு மூச்சு இல்லை. பத்து நிமிஷத்தில் முடித்து, கிண்ணத்தை மேடையின் மேல்தட்டில் தூக்கி வைத்து, தன் இடத்தைத் தானே துடைத்துவிட்டுப் போய்விட்டார். டிப்ஸும் கிடையாது. கை கழுவிய பிறகும் தினத்தந்தியை விரித்து மந்திரிசபையை மாற்றியமைக்கும் உங்கள் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

சித்தி வந்தால் கவலையில்லை. டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் தான்தான் என்று பால், முட்டைகூடச் சேர்க்காத சைவ ராமென் கடை இருக்கிறது. உங்களை நினைத்தால்தான் பயம். எதிரிலேயே அடுப்பு இருக்கிறதா, உப்புப் பார்க்கிறேன் என்று சமையல்காரர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்